கணக்குக்குச் சுங்கச்சாவடி: 3(கே)யைத் தூக்கச் சொல்லும் தம்பிக்கு

போன பொங்கலுக்கு இங்கே புனேயில் நம்ம தமிழ்க் குடும்பங்கள் எல்லாம் கூடிச் சாப்பிட்டோம். வெண்பொங்கல், கொத்சு, வடை என்று அமர்க்களம். கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தால், சாஃப்ட்வேர் கம்பெனியில் இருக்கும் ஒரு தம்பி ஆரம்பித்தார்.

"சார், இந்தியாவுல சாஃப்ட்வேருக்கு பேட்டன்ட் குடுக்க மாட்டேங்கறாங்க. அதனாலதான் நாம இன்னும் அடுத்தவனுக்குக் கூலி வேலை பாத்துட்டிருக்கோம். பேட்டன்ட் சட்டத்துல 3(கே)னு ஒரு பிரிவு இருக்கு, அதைத் தூக்கிட்டா போதும்."

சுற்றி இருந்த நாலு பேர் தலையாட்டினார்கள். எனக்குச் சுருக்கென்றது. அங்கேயே சண்டை போட வேண்டாம் என்று வந்துவிட்டேன். அன்றைக்குச் சொல்லாததை இங்கே சொல்கிறேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் இன்ஜினியர் இல்லை. பி.காம். படித்துவிட்டு பேங்கில் சேர்ந்தவன். ஆனால் கட்டணம் என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். இருபது வருஷமாக நான் வசூலிப்பதே அதைத்தானே! எந்தக் கட்டணம் வேலைக்கான கூலி, எந்தக் கட்டணம் வழியை மறித்து வாங்குவது என்று பிரித்துப் பார்க்கத் தெரியாதவன் பேங்கில் குப்பை கொட்ட முடியாது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். தம்பி கேட்கும் ஏற்பாடு எப்படி இருக்கும் என்று கற்பனை செய்ய வேண்டியதில்லை. அமெரிக்காவில் 17 வருஷம் அது நடந்தது. அதுவும் வேறு எதற்கோ இல்லை. நீங்களும் நானும் மாசாமாசம் ஊரில் இருக்கும் அம்மா அப்பாவுக்குப் பணம் அனுப்பும்போது அந்தப் பணத்தைக் காக்கும் பூட்டுக்கு.

அது என்ன பூட்டு? கோயில் உண்டியலை நினைத்துக்கொள்ளுங்கள். யார் வேண்டுமானாலும் காசு போடலாம். திறக்கும் சாவி ஒருவரிடம் மட்டும். பேங்கின் சர்வர் இப்படி ஒரு உண்டியலை ஊருக்கே நீட்டுகிறது. உங்கள் கம்ப்யூட்டர் ஒரு ரகசிய எண்ணை அதற்குள் போடுகிறது. நடுவில் யார் ஒட்டுக்கேட்டாலும் பிரயோஜனமில்லை. பேங்க் மட்டும் திறந்து எடுத்துக்கொள்கிறது. அதற்குப் பிறகு இருவரும் அந்த ரகசிய எண்ணை வைத்துப் பேசிக்கொள்கிறார்கள். பழைய எஸ்.எஸ்.எல். இப்படித்தான் வேலை செய்தது.

இந்த உண்டியலைச் செய்வது வெறும் கணக்கு. 89, 97 என்று இரண்டு பகா எண்களைப் பெருக்கினால் 8633. பெருக்குவது எளிது. 8633ஐக் கொடுத்து, எந்த இரண்டைப் பெருக்கினால் இது வரும் என்று கேட்டால் யோசிக்க வேண்டும். எண்கள் நூற்றுக்கணக்கான இலக்கங்களில் இருந்தால் கம்ப்யூட்டருக்கே கண் பிதுங்கும். இதை வைத்து 1977ல் எம்.ஐ.டி.யில் ரிவெஸ்ட், ஷமிர், ஏடில்மன் என்ற மூன்று பேர் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். அவர்கள் பெயரின் முதல் எழுத்துகளே ஆர்.எஸ்.ஏ. அபாரமான மூளை. 2002ஆம் வருஷத்து ட்யூரிங் விருது அவர்களுக்குக் கிடைத்தது, சரியாகவே கிடைத்தது. என் சண்டை அவர்களோடு இல்லை.

1977 டிசம்பரில் எம்.ஐ.டி. பேட்டன்ட்டுக்கு விண்ணப்பித்தது. 1983 செப்டம்பர் 20ல் கிடைத்தது. எண் 4,405,829. அதை விற்கும் உரிமை அந்த மூவர் தொடங்கிய ஆர்.எஸ்.ஏ. டேட்டா செக்யூரிட்டி கம்பெனிக்குப் போனது.

இதில் ஒரு வேடிக்கை. விண்ணப்பிப்பதற்கு முன்பே விஷயம் அச்சில் வந்துவிட்டது. 1977 ஆகஸ்ட் சயன்டிபிக் அமெரிக்கன் இதழில் மார்ட்டின் கார்ட்னர் தன் பத்தியில் எழுதிவிட்டார். வெளியிட்ட பிறகும் ஒரு வருஷம் வரை அமெரிக்காவில் விண்ணப்பிக்கலாம். மற்ற பல நாடுகளில் வெளியிட்டால் போச்சு. ஆக, ஒரே கணக்கு அமெரிக்காவில் மட்டும் தனியார் சொத்து, மற்ற நாடுகளில் பொதுச் சொத்து. பேட்டன்ட் இருந்தால் என்ன ஆகும், இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று ஒரே நேரத்தில் வைத்துப் பார்க்க இதைவிட நல்ல பரிசோதனை யாருக்குக் கிடைக்கும்?

என்ன ஆனது பார்ப்போம்.

1994-95ல் நெட்ஸ்கேப் எஸ்.எஸ்.எல்.ஐக் கொண்டுவந்தது. நெட்டில் வியாபாரம் செய்யலாம் என்ற நம்பிக்கை அதோடுதான் வந்தது. ஆர்.எஸ்.ஏ. உரிமம் பெற்ற கம்பெனிகள் பாதுகாப்பான சர்வர் மென்பொருளை விற்றன. காசு இருந்தவர்கள் வாங்கினார்கள்.

இன்னொரு பக்கம் அப்பாச்சி என்ற இலவச சர்வர் 1996லேயே உலகத்தில் அதிகம் பேர் பயன்படுத்தும் வெப் சர்வர் ஆகிவிட்டது. அதற்குப் பூட்டு வேண்டுமே? ஆஸ்திரேலியாவில் எரிக் யங், டிம் ஹட்சன் என்ற இருவர் எஸ்.எஸ்.எல்.இயே என்று ஒன்றை எழுதி இலவசமாகக் கொடுத்தார்கள். பிரிட்டனில் பென் லாரி அதை அப்பாச்சியோடு இணைத்தார். 1998ல் ஜெர்மனியின் ரால்ஃப் எங்கல்ஷால் மாட்_எஸ்.எஸ்.எல். எழுதினார். ஆஸ்திரேலியா, பிரிட்டன், ஜெர்மனி. பேட்டன்ட் இருந்த நாடு இந்தப் பட்டியலில் இல்லை. (வலுவான பூட்டுகளை ஏற்றுமதி செய்ய அமெரிக்கா போட்டிருந்த தடையும் இதற்கு ஒரு காரணம். பழியை முழுக்க பேட்டன்ட் தலையில் போட மாட்டேன்.)

லண்டன் கடைக்காரர் அப்பாச்சியையும் இந்த இலவசப் பூட்டையும் இறக்கிக்கொண்டு மறுநாளே கடையைத் திறக்கலாம். அமெரிக்காவில் இருக்கும் கடைக்காரர் அதையே செய்தால் பேட்டன்ட் மீறல். ஆர்.எஸ்.ஏ. கம்பெனி ஆர்.எஸ்.ஏ.ரெஃப் என்று ஒன்றை இலவசமாகக் கொடுத்தது, ஆனால் வியாபாரத்துக்கு ஆகாது. எனவே உரிமம் கட்டிய ஸ்ட்ராங்ஹோல்ட் மாதிரி ஒன்றைக் காசு கொடுத்து வாங்க வேண்டும். உள்ளே இருப்பது பெரும்பாலும் அதே அப்பாச்சி, அதே எஸ்.எஸ்.எல்.இயே!

"வியாபாரம் செய்பவன் கட்டட்டுமே, என்ன குறைந்துவிடும்?" என்று கேட்கலாம். அங்கேதான் விஷயம் இருக்கிறது. இலவச மென்பொருளுக்குக் கல்லாப்பெட்டி கிடையாது. எத்தனை பேர் இறக்கிக்கொண்டார்கள் என்ற கணக்கும் கிடையாது. ஒரு பிரதிக்கு இவ்வளவு ராயல்டி என்றால் யார் கட்டுவது? எழுதியவரா? சும்மா கொடுத்த பாவத்துக்கு அவர் கடனாளி ஆக வேண்டுமா? கட்டணம் சின்னதோ பெரியதோ, கட்டணம் என்று ஒன்று இருந்தாலே அந்த வழி அவர்களுக்கு அடைபட்டுவிடும்.

2000 செப்டம்பர் 6ஆம் தேதி, பேட்டன்ட் முடிய இரண்டு வாரம் இருக்கும்போது, அந்தக் கம்பெனியே அதைப் பொதுவுக்கு விட்டுவிட்டது. வானம் இடிந்து விழவில்லை. 2002ல் வந்த அப்பாச்சி 2.0வோடு பூட்டும் சேர்ந்தே வந்தது. பேட்டன்ட் போனதால் கம்பெனியும் தெருவுக்கு வரவில்லை. 2006ல் இ.எம்.சி. அதை 210 கோடி டாலருக்கு வாங்கியது. அதற்கு இதர சரக்குகள் இருந்தன, வாடிக்கையாளர்கள் இருந்தார்கள். உழைத்துச் செய்த பொருளுக்கு எப்போதும் விலை உண்டு.

இனி தம்பி தரப்பில் சொல்லக்கூடியதை ஒவ்வொன்றாகப் பார்க்கிறேன்.

"பேட்டன்ட் இல்லாவிட்டால் யார் மண்டையை உடைத்துக்கொண்டு கண்டுபிடிப்பார்கள்?"

ஆர்.எஸ்.ஏ. விஷயத்தில் இதற்குப் பதில் உண்டு. பிரிட்டிஷ் அரசின் ஜி.சி.எச்.க்யூ. உளவு அமைப்பில் கிளிஃபர்ட் காக்ஸ் என்ற கணித மேதை 1973லேயே கிட்டத்தட்ட இதே முறையைக் கண்டுபிடித்துவிட்டார். ரகசியம் என்பதால் 1997 வரை வெளியே தெரியவில்லை. பேட்டன்ட்டும் இல்லை, பேரும் இல்லை, ஆனாலும் கண்டுபிடித்தார். எம்.ஐ.டி. ஆராய்ச்சிக்கும் அமெரிக்க அரசின் பணம் போயிருந்தது. அதனால் அரசாங்கத்துக்கு மட்டும் கட்டணம் கிடையாது. வரிப்பணத்தில் பிறந்த கணக்குக்கு வரி கட்டியவன் கட்டணம் கட்டினான். நம்ம ஊர்க் காசில் வெட்டிய குளத்துக்குக் குடத்துக்கு இவ்வளவு என்று வாங்குவதைப் போல.

"காசு கொடுத்து உரிமம் வாங்கினால் பாதுகாப்பு. ஓசியில் வருவதை நம்ப முடியாது."

இதை எங்கள் தொழிலிலும் நிறைய கேட்டிருக்கிறேன். பெரிய பில் வந்தால்தான் சிலருக்குத் தூக்கம் வரும். 2013 டிசம்பரில் ராய்ட்டர்ஸ் ஒரு செய்தி வெளியிட்டது. இதே ஆர்.எஸ்.ஏ. கம்பெனி விற்ற பீசேஃப் தொகுப்பில் ஒரு பலவீனமான ரேண்டம் எண் முறையை முதல் தேர்வாக வைக்க, அமெரிக்க உளவு அமைப்பான என்.எஸ்.ஏ. ஒரு கோடி டாலர் கொடுத்தது என்று. தெரிந்தே பின்கதவு வைத்தோம் என்பதைக் கம்பெனி மறுத்தது. ஆனால் அந்த முறையைப் பயன்படுத்த வேண்டாம் என்று என்.ஐ.எஸ்.டி. என்ற அமெரிக்கத் தரநிலை அமைப்பே அந்த செப்டம்பரில் சொல்லியிருந்தது. காசு கொடுத்து வாங்கியவர்களுக்கு ரசீது இருந்தது, பாதுகாப்பு இருந்ததா?

அதற்காக ஓசிதான் உத்தமம் என்று சொல்ல வரவில்லை. 2014 ஏப்ரலில் ஹார்ட்ப்ளீட் என்ற ஓட்டை வெளியே வந்தது. எஸ்.எஸ்.எல்.இயேயின் வாரிசான ஓப்பன்எஸ்எஸ்எல்லில். உலகத்தில் பாதி வியாபாரம் நம்பியிருந்த அந்த மென்பொருளுக்கு வருஷத்துக்கு வந்த நன்கொடை சுமார் 2000 டாலர்தான் என்று அப்போதுதான் தெரிந்தது. வெட்கக்கேடு. அதன் பிறகே பெரிய கம்பெனிகள் சேர்ந்து நிதி ஒதுக்கின.

ஒரு பக்கம் கணக்குக்கு 17 வருஷம் கட்டணம் வசூலானது. இன்னொரு பக்கம் அந்தக் கணக்கை வைத்து எழுதிய ப்ரோக்ராமைப் பராமரிக்கும் ஆளுக்குச் சம்பளம் இல்லை. நான் கேட்பது இதுதான்: வேலைக்குக் கொடுங்கள், நிறையவே கொடுங்கள். கணக்குக்கு எவனுக்கும் கொடுக்காதீர்கள்.

"பேட்டன்ட் சின்னக் கம்பெனிகளைக் காப்பாற்றும்."

டி.க்யூ.பி. கதையைக் கேளுங்கள். 1995ல் ஒருவருக்குக் கிடைத்த பேட்டன்ட் ஒன்றை டி.க்யூ.பி. டெவலப்மென்ட் என்ற நிறுவனம் கையில் வைத்திருந்தது. அது பூட்டும் செய்யவில்லை, சாவியும் செய்யவில்லை. எஸ்.எஸ்.எல்.ஐ ஆர்.சி.4 முறையோடு பயன்படுத்துகிறாயா, காசு எடு என்று நூற்றுக்கும் மேற்பட்ட கம்பெனிகள் மீது வழக்குப் போட்டது. பெரும்பாலானோர் வக்கீல் செலவுக்குப் பயந்து கொடுத்துவிட்டுப் போனார்கள். நியூஎக் என்ற ஆன்லைன் கடை மட்டும் 2013ல் டெக்சாஸ் கோர்ட்டில் நின்று சண்டை போட்டது. பொதுச்சாவி என்ற யோசனையையே உலகத்துக்குச் சொன்ன விட்ஃபீல்ட் டிஃபி சாட்சிக் கூண்டில் ஏறினார். அப்படியும் ஜூரி 23 லட்சம் டாலர் கட்டச் சொன்னது. 2015ல் நீதிபதி அதை மாற்றி, மீறலே இல்லை என்றார். பெரிய கடை, தாங்கியது. நம்ம திருப்பூரில் பனியன் விற்கும் ஒருவர் சொந்தமாக வெப்சைட் வைத்திருந்தால் தாங்குவாரா?

"அப்படியானால் இலவசமாக நல்ல பூட்டு எப்படி வரும்?"

வந்திருக்கிறதே! 1997ல் என்.ஐ.எஸ்.டி. புதிய மறையாக்க முறைக்கு உலகப் போட்டி வைத்தது. ஜெயிக்கும் முறையை உலகம் முழுக்க ராயல்டி இல்லாமல் தர வேண்டும் என்பது நிபந்தனை. அப்படியும் 15 முறைகள் போட்டிக்கு நின்றன. பெல்ஜியத்தின் டேமன், ரைமன் என்ற இருவர் ஜெயித்தார்கள். 2001ல் அது ஏ.இ.எஸ். என்று தரநிலை ஆனது. இன்றைக்கு உங்கள் போனிலும் அதுதான், என் பேங்கிலும் அதுதான். யாரும் யாருக்கும் கப்பம் கட்டவில்லை.

இப்போது நம் நாட்டுக்கு வருகிறேன். நம் பேட்டன்ட் சட்டத்தில் 3(கே) என்ன சொல்கிறது? கணித முறை, வியாபார முறை, கம்ப்யூட்டர் ப்ரோக்ராம் அதுவாகவே, அல்காரிதம், இவை கண்டுபிடிப்பு ஆகாது என்கிறது. 2002 திருத்தத்தில் வந்தது. 2004 டிசம்பரில் ஒரு அவசரச் சட்டம் போட்டு இதில் ஓட்டை போடப் பார்த்தார்கள். 2005ல் பாராளுமன்றம் அந்த ஓட்டையை ஏற்கவில்லை. 2015 ஆகஸ்டில் பேட்டன்ட் அலுவலகம் வழிகாட்டி என்ற பெயரில் கதவைக் கொஞ்சம் திறந்தது. எதிர்ப்பு வந்ததும் டிசம்பரில் நிறுத்தி வைத்தது. 2016 பிப்ரவரியில் இறுக்கியது. 2017ல் மறுபடி தளர்த்தியது. ஆக, கதவை யாரோ தட்டிக்கொண்டேதான் இருக்கிறார்கள். சட்ட வரி அப்படியே இருக்க, வழிகாட்டியில் வேலை நடக்கிறது. நம் மக்கள் பொங்கல் சாப்பிட்டுவிட்டுத் தலையாட்டுகிறார்கள்.

இது ஏன் இப்போது முக்கியம்? பூட்டு மாற்றும் காலம் வந்துவிட்டது. குவாண்டம் கம்ப்யூட்டர் பெரிதாக வந்தால் பகா எண் பூட்டு நிற்காது. எல்லா பேங்கும் பூட்டை மாற்ற வேண்டும். பெரிய பேங்க் மட்டுமல்ல, உங்கள் ஊர் கூட்டுறவு பேங்கும்தான். புதுப் பூட்டாக என்.ஐ.எஸ்.டி. 2022ல் கைபர் என்ற முறையைத் தேர்ந்தெடுத்தது. அதிலும் பேட்டன்ட் சிக்கல் வந்தது! தங்களுக்கு உரிமை உண்டு என்று சொன்னவர்களோடு என்.ஐ.எஸ்.டி.யே ஒப்பந்தம் போட்டு, தரநிலைப்படி எழுதுபவர் யாரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என்று வழி செய்தது. 2024 ஆகஸ்டில் தரநிலை வெளியானது. 2000 வரை பட்ட பாட்டை அமெரிக்காவே மறக்கவில்லை. வாசலில் சுங்கச்சாவடி வராமல் முதலிலேயே தடுத்துவிட்டது. அவர்கள் பட்டுத் திருந்திய வழிக்கு நாம் புதிதாகப் போய் நிற்க வேண்டும் என்கிறார் தம்பி.

தம்பி, உங்களிடம் நேராகவே பேசுகிறேன். நீங்கள் எழுதும் ப்ரோக்ராம் உங்களுடையது. அதற்கு காப்பிரைட் இருக்கிறது. ஒருவரும் அதைத் திருடி விற்க முடியாது. ஃபினக்கிள், ஃப்ளெக்ஸ்க்யூப், டாலி எல்லாம் 3(கே) இருக்கும் இந்த நாட்டில்தான் வளர்ந்து உலகத்துக்கு விற்றன. யு.பி.ஐ.யும் 2016ல் இதே நாட்டில்தான் வந்தது. அப்படியும் உங்களுக்கு அமெரிக்க பேட்டன்ட் வேண்டுமென்றால், நம் விதிப்படி அனுமதி வாங்கிக்கொண்டு அங்கே போய் விண்ணப்பியுங்கள். 3(கே) அதைத் தடுக்கவில்லை. அது தடுப்பது ஒன்றைத்தான். இந்த நாட்டில் இன்னொரு தம்பி தானாக யோசித்து அதே கணக்கைப் போட்டால், நீங்கள் போய் அவன் கழுத்தில் துண்டைப் போட முடியாது. அவ்வளவுதான்.

கூலி வேலை என்றீர்களே, அதற்குக் காரணம் வேறு. சரக்கு செய்ய முதல் போட ஆளில்லை, காத்திருக்கப் பொறுமை இல்லை. அதைப் பேசுங்கள், நானும் கூட நிற்கிறேன்.

மற்றவர்களுக்கு ஒரு வேண்டுகோள். நம்மில் பலர் ஆபீசில் மென்பொருள் வாங்கும் கமிட்டியில் உட்காருகிறோம். அடுத்த முறை உரிமக் கட்டணம் என்று ஒரு வரி வந்தால் கேளுங்கள்: இது எழுதிய வேலைக்கா, பராமரிப்புக்கா, இல்லை சும்மா வழிவிடுவதற்கா? முதல் இரண்டுக்கும் பேரம் பேசாமல் கொடுக்கலாம். மூன்றாவதுக்குக் கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒரு நிமிஷம் பேனாவைக் கீழே வையுங்கள்.

டிஸ்கி: இதைப் படித்துவிட்டு அந்தத் தம்பிக்குக் கோபம் வந்தால் வீட்டுக்கு வரலாம். கொத்சு எங்கள் வீட்டிலும் நன்றாகவே இருக்கும் :-)